இடது மரை

காலை பதினொன்று பத்துக்கு லியோடா அந்தப் பல் டாக்டரின் மூக்கை உடைத்தாள்.

கையால் இல்லை. பெட்ரோல் பங்கை ஒட்டிய கடையில் சூடாக வைத்திருந்த காபிக் கூஜாவால். கண்ணாடி நொறுங்கிய சத்தம் கேட்டு நான் திரும்பினால், டாக்டர் குவிஸ்ட் சிப்ஸ் பாக்கெட்டுகள் மேல் மல்லாந்து கிடக்கிறார். சட்டையில் பாதி ரத்தம், பாதி காபி. லியோடா அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, உடைந்த கூஜாவின் பிடியை அவர் கண்ணுக்கு நேரே ஓங்கியிருந்தாள்.

"என் புருஷனைக் கொன்னுட்டு, என் புள்ளைய ஜெயில்ல தள்ளிட்டு, நீ இங்க வந்து சிப்ஸ் வாங்குற?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க!" என்றார் டாக்டர். மூக்கு போயிருந்ததால் 'டாட் ஒண்டும் பண்டலைங்க' என்று கேட்டது.

இத்தனைக்கும் காரணம் என் வாய்தான். இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

என் பெயர் ரூடி. ரோடியோ மைதானத்தில் கோமாளி வேஷம் கட்டி, காளையிடமிருந்து ஆட்களைக் காப்பாற்றுவது என் பழைய தொழில். விலா எலும்பு நாலு போன பிறகு லோர்னா பவெல்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். லோர்னா மேடம் துப்பறிகிறவர். வயது அறுபத்தொன்று. உயரம் என் சட்டைப்பை வரைக்கும். வாயில் எந்நேரமும் சூரியகாந்தி விதை. காளையாவது முட்டுவதற்கு முன்னால் மூச்சு விடும். மேடம் அதுகூடச் செய்ய மாட்டார்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ஜூனிலும் பழைய ராணுவ லாரி வைத்திருக்கிறவர்கள் ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து, நெப்ராஸ்காவைக் குறுக்காக இருபதாம் நம்பர் ரோட்டில் மேற்கே ஓட்டிக்கொண்டு போவார்கள். எல்லாம் இரண்டரை டன் பாரம் சுமக்கிற லாரி. எங்கள் பக்கத்தில் 'டியூஸ்' என்றால்தான் தெரியும். ஐம்பது மைலுக்கு மேல் ஓடாது, பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது காதில் விழாது, சாய்மானம் இல்லாத சீட்டில் முதுகு மூன்றாக மடியும். இதற்காக லீவு போட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்டால் சந்தோஷம் என்கிறார்கள்.

மூன்று நாள் முன்னால், பிட்மன் ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்துக்கு இறங்குகிற சரிவில், லியோடாவின் கணவன் மெர்ல் ஓட்டிய லாரியின் முன் சக்கரம் கழன்று ஓடியது. வலது பக்கத்துச் சக்கரம். ஆறு டன் இரும்பு குப்புறக் கவிழ்ந்து மெர்லின் மேல் விழுந்தது. அவரை வெளியே எடுக்க அறுக்கும் இயந்திரம் கொண்டுவர வேண்டியிருந்தது. லியோடா பின்னால் வந்த காரில் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள்.

சக்கரத்து நட்டுகளை முந்தின ராத்திரி யாரோ தளர்த்திவிட்டிருந்தார்கள். சாயங்காலமே ஷெரிஃப் மெர்லின் ஒரே மகன் கோல்பியைப் பிடித்து உள்ளே போட்டார். நட்டைத் தளர்த்திய ஸ்பானரும் அதை நீட்டிக்கப் போட்ட பைப்பும் கோல்பியுடையது. அப்பனும் மகனும் முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கைகலந்து, தட்டு பறந்திருந்தது. எதற்குச் சண்டை என்று கேட்டால் கோல்பி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். போதாக்குறைக்குக் கண்ணால் பார்த்த சாட்சியும் ஒன்று இருந்தது.

லியோடா எங்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "புருஷனைப் புதைச்சாச்சு. புள்ளையையும் புதைக்க முடியாது. அவனை வெளிய கொண்டு வாங்க."

இன்றைக்கு மூன்று மணிக்கு லாரிகள் பயணம் முடிகிற இடமான பழைய ராணுவக் கோட்டையைச் சேர்ந்துவிடும். அதோடு கூட்டம் கலைந்து ஐந்து மாநிலத்துக்குப் பிரிந்து போய்விடும். பிறகு கொலைகாரனை எங்கே போய்த் தேட? அதனால்தான் நாங்களும் லியோடாவும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தோம்.

இனி என் வாய்க்கு வருகிறேன்.

கவிழ்ந்த லாரியை நேற்று போய்ப் பார்த்தோம். வலது முன் சக்கரம் கழன்றது எல்லாருக்கும் தெரியும். இடது முன் சக்கரத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, மேடம் பார்த்தார். அங்கே ஆறு போல்ட்டில் இரண்டு ஒடிந்திருந்தது. ஒடிந்த துண்டு ஒன்று நட்டோடு மண்ணில் கிடந்தது. அதை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். என் பைதான் அவருக்குக் கைப்பை.

இன்று கடையில் காபிக்காக நிற்கும்போது கேட்டேன்: "அந்த ஒடிஞ்ச போல்ட்டு என்ன மேடம் சொல்லுது?"

"டியூஸ்ல வலது பக்கத்து நட்டு சாதாரண மரை. இடப்பக்கமா திருப்பினா கழலும். ஆனா இடது பக்கத்து நட்டு இடது மரை. அது தலைகீழ். வலப்பக்கமா திருப்பினாத்தான் கழலும். ஓடுற ஓட்டத்துல தானா கழண்டுடக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படிப் பண்ணி வெச்சாங்க."

"அப்ப தெரியாதவன் வந்து இடப்பக்கமா திருப்பினா?"

"இன்னும் இறுகும். பைப்பைப் போட்டு ஏறி மிதிச்சா ஒடியும். ஒடிஞ்சிருக்கு. ஒடிச்சவன் அதை விட்டுட்டு அடுத்த பக்கம் போயிருக்கான். கோல்பி பத்து வயசுலேர்ந்து டியூஸ்ல கை வெச்சவன். அவன் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டான்."

இங்கேதான் நான் வாயைக் கொடுத்தேன். காது கேளாதவனுக்குச் சொல்கிற மாதிரி உரக்க. "இந்தக் கூட்டத்துல இடது மரை தெரியாத ஒரே ஜென்மம் அந்தப் பல்லுக்காரன்தானே மேடம்! லாரி வாங்கியே மூணு மாசம்தான் ஆச்சு. மெர்ல் வேற அவன் லாரியை 'டயர் வெச்ச பல் டாக்டர் நாற்காலி'ன்னு கிண்டல் பண்ணியிருக்காரு!"

லியோடா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கூஜாப் பிடி டாக்டரின் கண்ணில் இறங்குவதற்குள் ஒரு பெரிய கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"தங்கச்சி. விடும்மா. வேணாம். நீ உள்ள போயிட்டா கோல்பிக்கு யாரு இருக்கா?"

ஹாலிஸ் ஸ்ட்ராண்ட். கூட்டத்துக்குத் தலைவர். அறுபது வயதிலும் கதவு நிலை இடிக்கிற உயரம். வியட்நாமில் இதே மாதிரி டியூஸ் ஓட்டியவர். கோட்டையில் கடைசி நாள் சாப்பாட்டின்போது, அந்தப் போரில் ஒரு கணவாயில் எரிகிற லாரியிலிருந்து மூன்று பேரை இழுத்துப் போட்ட கதையை வருஷா வருஷம் சொல்வாராம், எல்லாரும் எழுந்து நிற்பார்களாம். கோல்பியைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னவரும் அவரேதான். லியோடாவுக்கு அதில் வருத்தம் உண்டு, கோபம் இல்லை. அவளிடம் அவர் அழுதிருந்தார்: "பாத்துத் தொலைச்சிட்டேன் தங்கச்சி. பாத்ததை இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

அவர் லியோடாவைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய், வெளியே ஓடிக்கொண்டே நின்ற தன் லாரியில் ஏற்றி உட்கார வைத்தார். இவர்கள் பத்து நிமிஷ நிறுத்தத்துக்கு எஞ்சினை அணைப்பதில்லை.

நான் டாக்டரைத் தூக்கி உட்கார வைத்து, மூக்கில் ஐஸ் பையை அழுத்தினேன். மனுஷன் வலியில் நெளிந்தார்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். ஆனா ஒரு கேள்வி. அன்னிக்கு ராத்திரி டார்ச்சோட மெர்ல் லாரிக்கிட்ட நின்னதா சொல்றாங்களே, அங்க என்ன பண்ணீங்க?"

"என் லாரியைத் தேடினேன்யா! இருட்டுல எல்லாம் ஒரே பச்சை! என்னடா ஆதாரம் உங்ககிட்ட?"

நான் பையிலிருந்து போல்ட்டுத் துண்டை எடுத்து நீட்டினேன். "இது. இடது மரை. நீங்க தப்பா திருப்பி ஒடிச்சது."

டாக்டர் அதை வாங்கி, சட்டை முனையால் கிரீஸைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தம் சொட்டுகிற மூக்கோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

"தம்பி, நான் ஒரு நாளைக்கு எத்தனை பேர் தாடையில ஸ்க்ரூ இறக்குறேன் தெரியுமா? மரை எந்தப் பக்கம் சாயுதுன்னு தூக்கத்துல தடவிப் பாத்துச் சொல்லுவேன். இது இடது மரையே இல்ல. சாதாரண மரை."

மேடம் விதை கொறிப்பதை நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. துண்டை வாங்கிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"டியூஸ், இடது பக்கம்னதும் இடது மரைன்னு நானே முடிவு கட்டிட்டேன். கிரீஸைத் துடைச்சுக்கூடப் பாக்கல. எனக்கு மரை கழண்டு போச்சு, ரூடி."

"சந்தோஷம் மேடம். இத்தனை நாள் எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்."

"வாயை மூடிட்டுக் கேளு. அந்தச் சக்கரத்துல இருந்தது சாதாரண மரை. அப்ப ஒண்ணுமே தெரியாத டாக்டர் வந்து, ஊர்ல எல்லாரும் திருப்புற மாதிரி இடப்பக்கமா திருப்பியிருந்தா என்ன ஆகும்?"

"கழண்டிருக்கும்."

"ஒடிஞ்சிருக்கே! அப்ப வலப்பக்கமா திருப்பியிருக்கான். டியூஸோட இடது பக்கத்தைப் பாத்ததும் யோசிக்காம வலப்பக்கமா எவன் கை போகும்?"

"டியூஸ்லயே கிடந்து பழகினவன் கை."

"தெரியாதவன் பண்ண தப்பு இல்ல இது. ரொம்பத் தெரிஞ்சவன் பண்ண தப்பு." மேடம் தன் பையைக் கிளறி, கோல்பியின் வக்கீல் கொடுத்திருந்த சாட்சி வாக்குமூலத்தின் நகலை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரியை இரண்டு தரம் படித்தார். அப்புறம் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டு வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

வெளியே லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி, மூக்குடைப்பு விவகாரத்தைச் சூடாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலிஸ் தன் லாரியின் முன் சக்கரத்து நட்டுகளைப் பெரிய ஸ்பானரால் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மெர்ல் செத்த பிறகு எல்லாருமே நிறுத்தத்துக்கு நிறுத்தம் அதைத்தான் செய்கிறார்கள். லியோடா மேலே சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"ஹாலிஸ், கிளம்புறதுக்கு முன்னால ஒரு சந்தேகம்," என்றார் மேடம். வயதான பாட்டி வழி கேட்கிற குரல். "அன்னிக்கு கோல்பியைப் பாத்தீங்கல்ல. அவன் எப்படித் திருப்பினான்னு கொஞ்சம் காட்டுங்களேன். வக்கீல் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

"அதான் எழுதிக் கொடுத்திருக்கேனே."

"எனக்கு இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் மண்டையில ஏறாது."

ஹாலிஸ் பெருமூச்சு விட்டு, ஸ்பானரைத் தன் லாரியின் இடது சக்கரத்து நட்டில் மாட்டினார். "இப்படிப் பைப்பைப் போட்டு, இப்படி வலப்பக்கமா தள்ளிக்கிட்டிருந்தான். மொதல்ல இந்தப் பக்கம். அப்புறம் சுத்தி வலது பக்கம் போனான்."

"வலப்பக்கமாத்தானா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"டியூஸோட இடது நட்டை வேற எப்படிம்மா கழட்டுறது? இங்க இருக்கிற எவனை வேணா கேளுங்க."

டிரைவர்கள் தலையாட்டினார்கள். மேடம் நிமிர்ந்து சீட்டைப் பார்த்தார்.

"லியோடா! உங்க லாரியில இடது முன் சக்கரத்து போல்ட்டை மாத்தினீங்களா?"

லியோடா கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஆமா. பனிக்காலத்துல கோல்பிதான் மாத்தினான். இடது மரை நட்டு எங்க தேடியும் கிடைக்கல. சாதாரண மரையாவே போட்டுட்டான்." சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்துத் தயங்கினாள். "வெளிய சொல்லக் கூடாதுன்னு மெர்ல் சத்தியம் வாங்கினாரு. ஒரிஜினல் இல்லாத நட்டைப் போட்டிருக்கான்னு தெரிஞ்சா இவங்க சாகுற வரைக்கும் கிண்டல் பண்ணியே கொல்லுவாங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்படின்னா கோல்பி கழட்டியிருந்தா இடப்பக்கமா திருப்பியிருப்பான்," என்றார் மேடம். பாட்டிக் குரல் போய்விட்டது. "அவனே போட்ட போல்ட்டு. வலப்பக்கமா தள்ளினா ஒடியும்னு அவனுக்குத் தெரியும். வலப்பக்கமா தள்ளி ஒடிச்சவன் வேற ஒருத்தன். நீங்க பாத்ததை எழுதிக் கொடுக்கல ஹாலிஸ். செஞ்சதை எழுதிக் கொடுத்திருக்கீங்க."

ஹாலிஸ் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியது கைதான். ஸ்பானர் நட்டிலிருந்து கழன்று, ஒரு வீச்சில் மேடத்தின் தோளில் இறங்கியது. காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் எனக்கே கேட்டது. மேடம் சுருண்டு விழுந்தார். குறுக்கே வந்த ஒரு டிரைவருக்கு அடுத்த வீச்சில் தாடை போனது. அடுத்த நொடி ஹாலிஸ் லாரிக்குள்.

அவர் இவர் என்கிற மரியாதையெல்லாம் இதோடு சரி.

லாரி பாய்ந்தது. லியோடா உள்ளே இருந்தாள்.

எனக்கு வீரம் கிடையாது. கால் தானாக ஓடும், அவ்வளவுதான். டிரைவர் பக்கத்துப் படியில் தாவி ஏறி, கண்ணாடிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஹாலிஸ் கதவைத் திறந்து என் இடது கை விரல்மேல் அறைந்து சாத்தினான். இரண்டு விரல் அங்கேயே போயிற்று. நான் கத்தின கத்தல் டியூஸ் எஞ்சினையே தாண்டியிருக்கும்.

"எறங்குடா நாயே!"

"நிறுத்தினா எறங்குறேண்டா!"

எதிரே மாடு ஏற்றிய லாரி வந்தது. ஹாலிஸ் வேண்டுமென்றே நடுக்கோட்டைத் தாண்டி வண்டியை ஒடித்தான், என்னை அதில் தேய்த்துவிட. நான் வயிற்றை எக்கிக் கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டேன். மாட்டு லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு முதுகுச் சட்டையை உரசிப் போனது. உயிர் போய் உயிர் வந்தது.

உள்ளே லியோடா அவன் முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள். "நீயா? நீயா? என் வீட்டுல சாப்பிட்டவன்தானேடா நீ!"

அவன் முழங்கையை மடக்கி அவள் வாயில் குத்தினான். ஒரு குத்து, இன்னொரு குத்து. பல் தெறித்துக் கண்ணாடியில் பட்டது. தலைமுடியைப் பிடித்து முன்பலகையில் மோதினான். அவள் சரிந்தாள். செத்தே போனாள் என்று நினைத்து நான் அழுதுகொண்டே அவன் காதைக் கடித்தேன். ஆமாம், கடித்தேன். கை இரண்டும் தொங்குவதற்கு வேண்டியிருந்தது, வாய்தான் மிச்சம்.

சரிந்த லியோடா சாகவில்லை. கீழே தடவி, எஞ்சினை நிறுத்துகிற குமிழைத் தேடிப் பிடித்தாள். இந்த லாரிக்குச் சாவி கிடையாது. அந்தக் குமிழை இழுத்தால்தான் எஞ்சின் அணையும். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள்.

எஞ்சின் செத்தது. கியரில் இருந்த லாரி முட்டுக்கட்டை போட்ட மாதிரி ஒரு குலுக்கு குலுக்கியது. ஹாலிஸ் ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதிக் கையை விட்டான். நாற்பது மைல் வேகத்தில் ரோட்டை விட்டு இறங்கினோம். பள்ளம், முள்வேலி, கம்பம் கம்பமாக முறிகிற சத்தம், மணல். நான் எங்கேயோ பறந்து எதன்மேலோ விழுந்தேன்.

கண் திறந்தபோது லாரி மணல்மேட்டில் சாய்ந்து நின்றது. ஹாலிஸ் பத்தடி தள்ளி முள்கம்பிகளுக்கு நடுவே கிடந்தான். இழுபட்டு அறுந்த கம்பி ஒன்று சாட்டை மாதிரி வீசி, தொடையும் இடுப்பும் சேருகிற இடத்தைக் கிழித்துவிட்டிருந்தது. ரத்தம் துடிப்புத் துடிப்பாகக் குதித்தது.

லியோடா லாரியிலிருந்து இறங்கி வந்தாள். வாயெல்லாம் ரத்தம். கையில் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்த சுத்தியல். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. என் மனசுக்குள் 'போடு' என்றுதான் இருந்தது.

"லியோடா!"

டாக்டரின் லாரி ரோட்டோரம் நின்றிருந்தது. மேடம் ஒரு கை துவண்டு தொங்க, தள்ளாடி இறங்கி வந்தார்.

"அடிங்க. தாராளமா அடிங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. நான் சொன்ன மரைக் கதையெல்லாம் ஊகம். கோர்ட்டுல ஒரு நிமிஷம் நிக்காது. பயந்து ஓடினேன்னு இவன் சொல்லிடுவான். செத்துட்டா அதுகூடச் சொல்ல மாட்டான். இவன் வாயாலயே சொன்னாத்தான் கோல்பி வெளிய வருவான்."

சுத்தியல் மேலேயே நின்றது. டாக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "பெரிய ரத்தக்குழாய். கட்டுப் போட இடமில்லாத இடம். பலமா அழுத்திப் பிடிக்கணும். இல்லைன்னா மூணு நிமிஷம்." அவருக்கே மூக்கில் ரத்தம் நிற்கவில்லை, ஒரு கை அதிலேயே இருந்தது. எனக்கு விரல் இல்லை. மேடத்துக்குத் தோள் இல்லை.

லியோடா சுத்தியலைப் போட்டாள். மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் காயத்தில் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினாள். தன் புருஷனைக் கொன்றவனின் உயிரை அவள் கையாலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் என்றார்கள். ஊரே இல்லாத இந்த மணல்மேட்டுப் பக்கம் அப்படித்தான்.

மற்ற டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி நின்றார்கள். ஹாலிஸ் கண் செருகும்போதெல்லாம் லியோடா அவன் கன்னத்தில் நெற்றியால் முட்டினாள். "தூங்கின, கொன்னுடுவேன். முழிச்சிரு."

"அந்தக் கணவாயில..." ஹாலிஸ் முனகினான். "நான் யாரையும் இழுத்துப் போடல லியோடா. லாரி எரிஞ்சப்ப குதிச்சு ஓடிட்டேன். உள்ள மயங்கிக் கிடந்தவங்கள்ல மெர்லோட அண்ணனும் ஒருத்தன். இழுத்துப் போட்டது வேற ஒருத்தன். இழுத்துப் போட்ட அந்த ஆளை மெர்ல் எங்கயோ பாத்துப் பேசிட்டான். கோட்டையில எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னான். முப்பத்தஞ்சு வருஷம்... இவங்கல்லாம் எழுந்து நிப்பாங்க..."

"தெரியும்," என்றாள் லியோடா.

"தெரியுமா?"

"அதுக்குத்தான் அப்பனும் மகனும் தட்டைத் தூக்கி அடிச்சுக்கிட்டாங்க. 'வேணாம்ப்பா, வயசான மனுசன், இதை வெச்சுத்தான் உயிரோட இருக்காரு, அவமானப்படுத்தாதே'ன்னு கோல்பி சண்டை போட்டான். உனக்காகப் போட்டான். ராத்திரி மெர்ல் என்கிட்ட வந்து, 'பையன் சொல்றதுதான் சரி, நான் சொல்லப் போறதில்ல'ன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. இன்னிக்கு ஜெயில்ல உக்காந்துக்கிட்டு, எதுக்குச் சண்டைன்னு சொன்னா உன் மானம் போயிடும்னு அந்த மடப்பய வாயைத் திறக்க மாட்டேங்குறான். நீயா கொன்னதுன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு, நானும் ஒரு மடச்சி."

ஹாலிஸ் அழுதான். அந்த உயரமான ஆள், மணலில் கிடந்து, சளி வழிய. எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

ஆம்புலன்ஸும் ஷெரிஃபின் ஆளும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். மருந்துப் பையோடு ஓடி வந்த இளைஞன் லியோடாவின் கையைப் பார்த்ததும், "சரியான இடத்துல பிடிச்சிருக்கீங்க! அப்படியே இருங்க, எடுத்துடாதீங்க, நான் சொன்னப்புறம் எடுங்க," என்று கட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"நான்தான்," என்றான் ஹாலிஸ், ஷெரிஃபின் ஆளைப் பார்த்து. யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "மெர்ல் லாரி நட்டைக் கழட்டினது நான். கோல்பியைப் பாத்தேன்னு சொன்னது பொய். அவன் ஸ்பானரை எடுத்தது நான். எழுதிக்க."

அந்த ஆள் எழுதினான். "படிச்சுக் காட்டு," என்றாள் லியோடா. படித்துக் காட்டினான். பேனாவை ஹாலிஸின் விரலுக்குள் திணித்தார்கள். கோணல்மாணலாகக் கையெழுத்து விழுந்தது. மேடம் அதற்குக் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார், இருந்த ஒரு கையால்.

லியோடா காகிதத்தை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் தன் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள்.

"ஐயோ, இன்னும் இல்லம்மா!" என்று கத்திக்கொண்டு இளைஞன் ரத்தத்தின்மேல் விழுந்தான். இன்னொருவன் ஓடி வந்தான். மணலில் கால்களும் கட்டுகளும் புரண்டன. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கையை ஜீன்ஸில் துடைத்துக்கொண்டு ஷெரிஃபின் ஆள் எதிரே போய் நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க," என்றாள், உடைந்த பல்லோடு. "என் புள்ளைய எத்தனை மணிக்கு விடுவீங்க?"